அங்கோர் கோயில்களுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: அவசரமில்லாமல் சிற்பம் பார்ப்பது எப்படி

கம்போடியா போய்வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் படம் காட்டுவார்கள். குளத்தில் விழும் ஐந்து கோபுர நிழல், மரவேர் பிடித்த வாசல், சிரிக்கும் கல் முகங்கள். சிற்பங்களைப் பற்றிக் கேட்டால், "சுவர் முழுக்க இருந்தது, நின்று பார்க்க நேரமில்லை" என்பார்கள். என் முதல் பயணமும் அப்படித்தான் முடிந்தது. ஒரே நாளில் ஏழு கோயில் போனேன். ஊர் திரும்பியபின் எந்தச் சிற்பம் எந்தக் கோயிலில் என்று எனக்கே நினைவில்லை. இரண்டாவது முறை மூன்று நாளில் மூன்று கோயிலை மட்டும் முழுதாகப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பயணத்திலிருந்து வருவது.

தமிழ் வாசகருக்கு அங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. வாலி, பீஷ்மர், பாற்கடல், கயிலையைப் பெயர்த்த இராவணன் எல்லாம் சின்ன வயதிலிருந்தே கேட்ட கதைகள். மற்ற பயணிகளுக்கு வழிகாட்டி பத்து நிமிடம் விளக்குவதை நாம் பார்த்தவுடன் பிடித்துவிடலாம். ஆனால் செதுக்கியவர்கள் கம்போடிய மக்களான கெமர்கள். உடை, முகம், கதை சொல்லும் விதம் எல்லாம் அவர்களுடையவை. நம்மூர்க் கோயிலின் நகல் என்று நினைத்துப் பார்த்தால் பாதி போய்விடும். தெரிந்த கதையை இவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்க்கப் போங்கள்.

எப்போது, எத்தனை நாள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். கூட்டமும் அப்போதுதான் அதிகம். மார்ச், ஏப்ரலில் கல் அனலாகக் காயும். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். மழை பெரும்பாலும் பிற்பகலில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். நனைந்த மணற்கல்லின் நிறமும் பாசியின் பச்சையும் அப்போது மட்டுமே கிடைப்பவை, கூட்டமும் குறைவு. மழையைப் பொருட்படுத்தாதவர் தாராளமாகப் போகலாம்.

கோயில்களுக்குப் பக்கத்து ஊர் சியெம் ரீப். சென்னையிலிருந்து பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் வழியாக மாறிப் போகலாம். 2023-இல் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால், தங்குமிடத்திடமே முன்கூட்டி வண்டி சொல்லிவைப்பது நல்லது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு இரண்டுக்கும் விசா வேண்டும். அரசின் இணையதளத்தில் இ-விசா எடுத்துக்கொள்ளலாம். தாய்லாந்திலிருந்து தரைவழியாகப் போக நினைப்பவர்கள் எல்லை திறந்திருக்கிறதா என்று பார்த்தபின் சீட்டு எடுங்கள்.

சிற்பம் பார்க்க மூன்று முழு நாள் குறைந்தபட்சம். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் அங்கோர் வாட்டும் பாயோனும் போதும். நாலாவது, ஐந்தாவது கோயிலுக்கு ஆசைப்படாதீர்கள்.

நுழைவுச்சீட்டு

தனித்தனிக் கோயிலுக்குச் சீட்டு கிடையாது. அங்கோர் பாஸ் என்று ஒரே சீட்டு. ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. கிளம்புமுன் விலையை ஒருமுறை இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் சீட்டைத் தொடர்ந்து மூன்று நாளும் பயன்படுத்த வேண்டியதில்லை. 10 நாளுக்குள் எந்த மூன்று நாள் வேண்டுமானாலும் போகலாம். நடுவில் ஒரு நாள் ஓய்வெடுத்தால் கண்ணும் காலும் நன்றி சொல்லும். சீட்டு கோயில் வாசலில் கிடைக்காது. ஊருக்குள் இருக்கும் அரசு அலுவலகத்திலோ இணையத்திலோதான் வாங்க வேண்டும். அலுவலகத்தில் அங்கேயே படம் எடுத்துச் சீட்டில் அச்சிட்டுக் கொடுப்பார்கள். ஒவ்வொரு கோயிலிலும் கேட்பார்கள் என்பதால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. வயதைக் காட்டக் கடவுச்சீட்டு வேண்டும். தள்ளியிருக்கும் குலேன் மலைக்கும் கோ கெர் கோயில்களுக்கும் இந்தச் சீட்டு செல்லாது, தனிக் கட்டணம்.

உடையும் பையும்

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். மேலே சால்வை போட்டுக்கொள்ளலாம் என்று கையில்லாத சட்டையில் வந்து, அங்கோர் வாட்டின் உச்சித் தளத்துக்குக் கீழே திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நம்மூர்ப் பருத்திச் சட்டையும் முழுக்காற்சட்டையும் போதும். சுடிதாரும் நன்றாகப் பொருந்தும். படிகள் குறுகலும் செங்குத்துமாக இருப்பதால் பிடிப்புள்ள செருப்பு வேண்டும்.

பையில் தண்ணீர், தொப்பி தவிர இரண்டு பொருளைக் கட்டாயம் வையுங்கள். ஒன்று, சின்ன பைனாகுலர். நல்ல சிற்பங்களில் பாதி தலைக்கு மேலே வாசல் முகப்பில் இருக்கின்றன; சில இடங்களில் கயிறு கட்டிக் கிட்டே விடமாட்டார்கள். இன்னொன்று, கைவிளக்கு. மூலை மண்டபங்கள் பகலிலும் இருட்டாக இருக்கும். விளக்கை நேராக அடித்தால் சிற்பம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில், சுவரை ஒட்டினாற்போல் பிடியுங்கள். ஒவ்வொரு வளைவும் நிழல் கட்டி எழுந்து வரும்.

போக்குவரத்துக்கு டுக்-டுக்கை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்ளலாம். "எத்தனை கோயில்" என்று பேசாதீர்கள். "இன்றைக்கு இந்த ஒரு கோயில்தான், நாலு மணி நேரம் ஆகும்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஓட்டுநர் நிழலில் ஊஞ்சற்படுக்கை கட்டிப் படுத்துக்கொள்வார். டாலர் எங்கும் செல்லும். ஓரம் கிழிந்த நோட்டை மட்டும் வாங்கமாட்டார்கள்; மாற்றும்போதே பார்த்து வாங்குங்கள்.

கோயிலுக்குள் போகுமுன்: வாசலைப் படிப்பது

கெமர் சிற்பிகள் தங்கள் திறமையை அதிகம் கொட்டியது வாசலில்தான். எந்தக் கோயிலானாலும் முதலில் நுழைந்துவிடாமல் வாசலுக்கு நாலு அடி முன்னால் நில்லுங்கள். கதவு நிலைக்கு மேலே கிடையாக ஒரு கல் இருக்கும், அதுதான் உத்தரக்கல். அதன் நடுவில் பெரும்பாலும் கண் பிதுங்கிய ஒரு முகம், கீழ்த்தாடை இல்லாமல், வாயிலிருந்து கொடிமாலையைக் கக்கிக்கொண்டிருக்கும். நம் கோயில்களில் கீர்த்திமுகம் என்கிறோமே, அதன் உறவு. அங்கே காலன் என்பார்கள். அந்த முகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் தெய்வம் எது என்று பாருங்கள். மூன்று தலை யானை மேல் இருந்தால் இந்திரன். உத்தரக்கல்லுக்கு மேலே வளைந்து எழும் முகப்பில்தான் கதைக்காட்சி இருக்கும். அதன் விளிம்பு பாம்பு உடலாக ஓடி, இரு முனையிலும் பல தலை நாகமாக விரியும்.

இன்னொன்று. பல இடங்களில் மூன்று பக்க வாசல் பொய் வாசலாக இருக்கும். மரக்கதவின் சட்டம், குமிழ் எல்லாம் கல்லிலேயே செதுக்கியிருப்பார்கள். அந்தக் காலத்து மரக்கதவுகள் ஒன்றும் மிஞ்சவில்லை. அவை எப்படி இருந்தன என்பதை இந்தக் கல்கதவுகள்தான் சொல்கின்றன.

கல்லின் இணைப்புக் கோடுகளையும் கவனியுங்கள். ஒரு தேவதையின் கன்னத்துக்குக் குறுக்கே கோடு ஓடும். சாந்து இல்லாமல் கல்மேல் கல் வைத்துச் சுவரைக் கட்டி முடித்தபின்தான் செதுக்கினார்கள் என்பது அந்தக் கோட்டைப் பார்த்தால் தெரியும். ஒரு கை பிசகினால் மாற்றிவைக்க வேறு கல் கிடையாது.

முதல் நாள்: பந்தே ஸ்ரே

பெரிய கோயிலில் தொடங்காதீர்கள். முதல் நாள் காலை ஊரிலிருந்து 35 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பந்தே ஸ்ரேக்குப் போங்கள். டுக்-டுக்கில் ஒரு மணி நேரம் ஆகும். 967-இல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில் இது. அரசன் கட்டியதல்ல, பின்னால் அரசனான ஐந்தாம் ஜயவர்மனின் குரு யக்ஞவராகர் கட்டியது. மிகச் சின்னது, நடுக்கோயில் வாசல்கள் குனிந்து நுழையும் அளவுக்குத்தான் இருக்கின்றன. கல் இளஞ்சிவப்பு. மரத்தில் இழைத்தது மாதிரி ஆழமான வேலைப்பாடு, ஓர் அங்குலம்கூட வெறுமையாக இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் விளிம்புகள் மழுங்கவில்லை.

இங்கே நூலகம் என்று அழைக்கப்படும் இரண்டு சின்னக் கட்டடங்கள் உண்டு. தெற்கு நூலகத்தின் கிழக்கு முகப்பில் இராவணன் கயிலையைத் தூக்குகிறான். மலை படிப்படியாக ஏறும் மேடையாக இருக்கிறது. அடியில் தலைகள் அடுக்கிய இராவணன் முட்டுக்கொடுக்க, கீழ்ப்படியில் விலங்குகள் சிதறி ஓடுகின்றன. அதற்கு மேலே விலங்குத் தலை கொண்ட கணங்களும் முனிவர்களும். உச்சியில் பார்வதி பயந்து சிவன் மேல் சாய்ந்திருக்கிறாள். சிவன் அசையவில்லை. கீழிருந்து மேலே பார்வையை ஓட்டினால் கலவரம் படிப்படியாக அடங்கி அமைதியில் முடியும். பைனாகுலரில் கால் மணி நேரம் பார்த்தேன். அப்போதும் புதிதாக ஏதோ ஒன்று தென்பட்டது. அதே நூலகத்தின் மேற்கு முகப்பில் மன்மதன் சிவன்மேல் அம்பு தொடுக்கிறான். வடக்கு நூலகத்தின் கிழக்கில் எரியும் காண்டவ வனத்தின் மேல் இந்திரன் மழை பொழிகிறான். மழையைச் சாய்வான நுண்கோடுகளாக இழுத்திருக்கிறார்கள்.

தமிழர் யாரும் தவறவிடக் கூடாத ஒன்று, உள் சுற்றின் கிழக்குக் கோபுர முகப்பில் இருக்கிறது. பத்துக் கையோடு சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் எலும்பும் தோலுமாக, வற்றித் தொங்கும் மார்போடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். காரைக்கால் அம்மையார். அழகு வேண்டாம், பேய் உருவம் தா என்று வாங்கிக்கொண்டவர். நீ ஆடும்போது உன் அடியின் கீழ் இருக்க வேண்டும் என்று கேட்டவர். அவர் கதை கடல் கடந்து 10-ஆம் நூற்றாண்டில் கெமர் சிற்பியின் உளிக்கு வந்திருக்கிறது. சுற்றிலும் இருக்கும் தேவதைகள் எல்லாம் அத்தனை அழகு. நடுவில் இவரை மட்டும் கதையில் உள்ளபடியே விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை.

மேற்கு வாசல் முகப்பில் வாலியும் சுக்ரீவனும் மல்லுக்கட்டுகிறார்கள். பக்கத்தில் இராமன் வில்லோடு நிற்கிறான். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மறுநாள் வேண்டியிருக்கும். நடுக்கோயில் முன்னால் உட்கார்ந்திருக்கும் காவல் உருவங்கள் நகல்கள். அசல்கள் தலைநகர் புனோம் பென்னின் அருங்காட்சியகத்தில் பத்திரமாக உள்ளன.

திரும்பும் வழியில் இன்னும் இரண்டு கோயில் காட்டுகிறேன் என்று ஓட்டுநர் சொல்வார். மறுத்துவிட்டு அறைக்குப் போய்ப் படுங்கள்.

இரண்டாம் நாள்: அங்கோர் வாட்

12-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்குக் கட்டியது. மற்ற கெமர் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு பார்க்க, இது மேற்கு பார்க்கிறது. சிற்பம் இருப்பது வெளித் திருச்சுற்றின் உட்சுவரில். ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம், மொத்தம் அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். பந்தே ஸ்ரேயில் ஆழம் என்றால் இங்கே மெல்லிய புடைப்பு, துணியில் நெய்தது மாதிரி. காட்சிகளின் வரிசை அப்பிரதட்சிணமாக, சுவர் நம் இடக்கைப் பக்கம் வரும்படி போகிறது. மரணத்தோடு தொடர்புள்ள கோயில் என்பதால் இப்படி என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

ஆனால் முதல்முறை போகிறவருக்கு நான் சொல்வது கதை வரிசை அல்ல, வெளிச்ச வரிசை. காலையில் கிழக்குச் சுற்று, சாயங்காலம் மேற்குச் சுற்று. மேற்கு வாசலில் சூரியோதயக் கூட்டம் குளத்தைச் சுற்றி நிற்கும். நீங்கள் ஏழு மணிவாக்கில் கிழக்குப் பக்கத்தில் இறங்கிக் காட்டு வழியாக நடந்து வாருங்கள். ஆளே இருக்காது.

உள்ளே வந்ததும் இடப்பக்கம் திரும்பினால் பாற்கடல் கடையும் காட்சி. 49 மீட்டர் நீளம். 92 அசுரர், 88 தேவர், வாசுகியைப் பிடித்து இழுக்கிறார்கள். அசுரருக்கு உருண்ட கண்ணும் கொண்டைத் தலைக்கவசமும், தேவருக்குக் கூர்மகுடமும் நீள்கண்ணும். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் வேறு எந்தப் போர்க்காட்சியிலும் குழப்பம் வராது. எல்லோரும் நடுவில் இருக்கும் திருமாலைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் குனிந்து கீழ் வரிசையைப் பாருங்கள். கடலில் மீனும் முதலையும் நீந்துகின்றன. ஓரத்தில் முழு மீன். மந்தர மலையை நெருங்க நெருங்க நெரிசல் கூடுகிறது. மத்துக்குப் பக்கத்தில் வந்ததும் மீன்கள் இரண்டாக வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன. சுழலின் வேகத்தைக் காட்டச் சிற்பி வேறு எதையும் செய்யவில்லை, மீனைத் துண்டித்துவிட்டார்.

அங்கிருந்து தெற்குச் சுற்றுக்குப் போங்கள். முதலில் சொர்க்கமும் நரகமும். 37 சொர்க்கம், 32 நரகம். எமனுக்குப் பக்கத்தில் சித்திரகுப்தன். அடுத்து சூரியவர்மனின் ஊர்வலம். தளபதிகளின் தகுதியைக் குடைகளின் எண்ணிக்கையால் காட்டியிருக்கிறார்கள். எண்ணிக்கொண்டே வந்தால் அரசனை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். வரிசையின் முன்பக்கம் ஒரு கூட்டம் மட்டும் ஒழுங்கில்லாமல் நடக்கும். அவர்கள் சியாம் நாட்டுப் படை என்று கல்வெட்டு சொல்கிறது.

தென்மேற்கு மூலை மண்டபத்தில் விளக்கை எடுங்கள். நேற்று பந்தே ஸ்ரேயில் சண்டையிட்ட வாலி இங்கே அம்பு தைத்து மனைவி மடியில் கிடக்கிறான். சுற்றிலும் வரிசை வரிசையாகக் குரங்குகள். ஒன்று தலையில் கை வைத்திருக்கிறது, ஒன்று பக்கத்துக் குரங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு முகம் போல் இன்னொரு முகம் இல்லை. அங்கோர் வாட் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. பெரும்பாலானவர்கள் மூலை திரும்பும் அவசரத்தில் கடந்துவிடுகிறார்கள்.

பதினொரு மணிக்கு வெளியே வந்து சாப்பிட்டுவிட்டு, மூன்று மணி வரை அறையில் இருங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கோயில் பக்கத்துக் கடைகளில் மீன்சாறு போட வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். காய்கறிப் பொரியலிலும் அதை ஊற்றுவது அங்கே வழக்கம்.

மூன்றரைக்கு மேற்கு வாசல். கோபுர வாயிலின் உட்புறச் சுவரில் தேவதைகள் நிற்கிறார்கள். கோயில் முழுக்க ஆயிரத்து எழுநூறுக்கு மேல். கொண்டை, நகை, பூப் பிடிக்கும் விரல் என்று ஒவ்வொன்றும் வேறு. எல்லோரும் இதழ் மூடிப் புன்னகைக்க, இந்த உட்புறச் சுவரில் ஒருத்தி மட்டும் பல் தெரியச் சிரிக்கிறாள். தேடுங்கள்.

பிறகு மேற்குச் சுற்று, சாய்வெயில் தூண்களுக்கிடையே சுவர்மேல் விழும் நேரம். வலப்பக்கம் குருக்ஷேத்திரம். இடக்கோடியிலிருந்து கௌரவர், வலக்கோடியிலிருந்து பாண்டவர். ஓரங்களில் சீரான அணிவகுப்பு, நடுவில் வரவர மனிதர் மேல் மனிதர். அம்புப் படுக்கையில் பீஷ்மர், நாலு கையோடு தேரோட்டும் கண்ணன். வாசலுக்கு இடப்பக்கம் இலங்கைப் போர். அனுமன் தோளில் நின்று இராமன் அம்பு விடுகிறான்; பின்னால் இலக்குவனும் வீடணனும். வடக்குச் சுற்றும் கிழக்கின் வடபாதியும் நேரமிருந்தால் மட்டும். அவற்றில் பெரும்பகுதி 16-ஆம் நூற்றாண்டில் செதுக்கியது. கை நயம் குறைந்திருப்பது பார்த்தாலே தெரியும்.

உச்சித் தளம் பௌத்தப் புனித நாட்களில் மூடியிருக்கும். ஏறமுடியாவிட்டால் வருந்த வேண்டாம், சிற்பச்சுவர் கீழேதான்.

மூன்றாம் நாள்: பாயோன்

மதில் சூழ்ந்த பழைய தலைநகரான அங்கோர் தோமின் தெற்கு வாசலில் ஒரு பக்கம் 54 தேவர், மறுபக்கம் 54 அசுரர், நாகத்தைப் பிடித்திருக்கிறார்கள். நேற்றுச் சுவரில் பார்த்ததை இங்கே நடந்தே கடக்கலாம். பல தலைகள் புதியவை, பழையவை திருடுபோயின.

அந்த நகரின் நடுவில் நிற்கும் பாயோனை ஏழாம் ஜயவர்மன் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பௌத்தக் கோயிலாகக் கட்டினான். எல்லோரும் மேலே கல் முகங்களுக்கு ஏறுவார்கள். நீங்கள் கிழக்கு வாசலில் இடப்பக்கம் திரும்பி, வெளிச்சுற்றை வலமாக நடங்கள். கூரை விழுந்துவிட்டதால் வெயில் நேராக அடிக்கும், எட்டு மணிக்கே போய்விடுங்கள். இங்கே புராணம் இல்லை, ஊர் இருக்கிறது. தெற்குச் சுவரில், இன்றைய வியட்நாம் பக்கத்திலிருந்து வந்த சாம் மக்களின் படையோடு படகுப் போர். பூப்போல் விரிந்த தலைக்கவசம் போட்டவர்கள் சாம்கள். அதற்குக் கீழ் வரிசையில் சந்தைப் பெண்கள், சேவல் சண்டை, பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி, பன்றியைக் கொப்பரைக்குள் இறக்கும் சமையல்காரர், மரங்களுக்கிடையே நீந்தும் மீன். மீன் எப்படி மரத்தில் என்றால், தொன்லே சாப் ஏரி மழைக்காலத்தில் பல மடங்கு பெருகிக் காட்டையே மூழ்கடிக்கும், இன்றைக்கும். சில இடங்களில் வேலை பாதியில் நின்றிருக்கிறது. வெறும் கோட்டுருவம் மட்டும். அங்கே நின்றால் சிற்பி எப்படித் தொடங்கினார் என்பது புரியும்.

பிற்பகல் தெம்பிருந்தால் தா புரோம். அதைப் புதுப்பிக்கும் பணியில் இந்தியத் தொல்லியல் துறை பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறது. ஆனால் அங்கே மரம்தான் ஆட்சி செய்கிறது. சிற்பத்துக்கு அது இரண்டாம் பட்சம்.

சில கண்டிப்பான விஷயங்கள்

சுவரைத் தொடாதீர்கள். அங்கோர் வாட் மேற்குச் சுற்றில் சில உருவங்கள் கறுத்து மின்னுவது பலர் கைபட்டதால். மணற்கல் மென்மையானது, வியர்வையும் உரசலும் அதைத் தின்றுவிடும். முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், குறுகிய வாசல்களில் பைதான் சுவரை உரசுகிறது. சின்னப் பிள்ளைகள் அஞ்சலட்டை விற்க வந்தால் வாங்காதீர்கள். வாங்கினால் அவர்கள் பள்ளிக்குப் போகமாட்டார்கள் என்று கோயில்களைப் பராமரிக்கும் நிர்வாகமே கேட்டுக்கொள்கிறது. புத்தர் முன் கும்பிடுகிறவர்கள் இருந்தால் குறுக்கே போகாமல் ஒதுங்கி நில்லுங்கள். இவை இன்றும் வழிபாடு நடக்கும் இடங்கள்.

திரும்பும் விமானம் புனோம் பென்னிலிருந்து என்றால், அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பந்தே ஸ்ரேயிலிருந்து கொண்டுவந்த முகப்பு ஒன்று அங்கே இருக்கிறது: பீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு மோதும் காட்சி. கோயிலில் தலையை அண்ணாந்து, பைனாகுலரில் பார்த்த அதே ஊர்ச் சிற்பிகளின் வேலையை இங்கே ஒரு கை தூரத்தில் நின்று பார்க்கலாம்.